மிச்சம் பிடித்த கணக்கு

அலுவலகத்திலே அன்றாடம் நடக்கும் ஒரே மாதிரியான வேலைகளை யந்திரத்திடம் ஒப்படைத்தால் இத்தனை கோடி மிச்சம் என்று நிர்வாகத்தார் கணக்குக் காட்டுகிறார்கள். யந்திரமே கூடாது என்று கூறுவோர் அல்லர் நாம். மூட்டை தூக்கும் முதுகுக்கும் பேரேடு எழுதும் கண்ணுக்கும் ஓய்வு கிடைக்குமானால், தாராளமாக வரட்டும். நாம் கேட்பது இதுதான்: குறைந்துவிட்டதாகச் சொல்லப்படும் வேலை உண்மையிலேயே குறைந்ததா, வேறொருவர் தலையில் இறக்கிவைக்கப்பட்டதா?

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வேலையற்றோர், மாணவர் முதலியோருக்கு அரசு உதவித்தொகை தருகிறது. பெறுபவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தம் வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும். அதுவும் வரி அலுவலகத்தில் பதிவான ஆண்டு வருமானமும் ஒத்துவராவிட்டால், முன்பெல்லாம் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து பார்ப்பார். தேவையானால் முதலாளிக்கு எழுதிச் சம்பளச் சீட்டை வரவழைப்பார். ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் விஷயத்தைத்தான் இப்படிப் பார்க்க முடிந்தது.

2015-ல் அன்றைய லிபரல் கூட்டணி அரசு குமாஸ்தாவை ஒதுக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை உட்கார வைத்தது. ஐந்தாண்டில் 170 கோடி டாலர் மிச்சம் என்று பட்ஜெட்டிலே எழுதிக்கொண்டார்கள். 2016-ல் ஆண்டுக்கு 20,000 என்பது வாரத்துக்கு 20,000 ஆயிற்று! 'ரோபோடெட்' என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கம்ப்யூட்டர் செய்த சாமர்த்தியம் என்ன தெரியுமா? ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுத்தது, அவ்வளவே. ஒரு தொழிலாளி முதல் ஆறு மாதம் வேலையின்றி உதவித்தொகை பெற்றார், அடுத்த ஆறு மாதம் உழைத்து 26,000 டாலர் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். வேலையற்றிருந்தபோது 'வருமானம் இல்லை' என்று உள்ளதைத்தான் எழுதினார். யந்திரமோ, 'இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் வந்திருக்கிறதே, மறைத்தாய், வாங்கியதைத் திருப்பிக் கட்டு' என்கிறது! இல்லையென்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. பல ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டை, மூடிப்போன கடையிலும் விட்டுவந்த ஓட்டலிலும் போய் அவரே தேட வேண்டும். கிடைக்காவிட்டால் கடன் உறுதி. பலருக்கு அதன்மேல் நூற்றுக்குப் பத்து அபராதம். தனியார் வசூல்காரர்களின் மிரட்டல் வேறு.

குமாஸ்தா செய்த வேலை எங்கே போயிற்று என்று இப்போது விளங்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் செய்ததை, சம்பளமில்லாமல் ஏழை செய்தான். அவன் செலவிட்ட பகலும் தூங்காத இரவும் எந்தப் பட்ஜெட்டிலும் செலவாகப் பதியவில்லை. ஆகவே 'மிச்சம்' வந்தது!

இது தவறு என்று அந்த அலுவலக ஊழியர்களே மேலிடத்துக்கு எழுதினார்கள். கேட்பார் இல்லை. சட்டத்துக்கு ஒவ்வாது என்று அரசின் சட்ட ஆலோசகர்கள் 2014-லேயே எழுதியிருந்த சங்கதியும் பின்னால் அம்பலமாயிற்று. கடன் கடிதம் கண்ட பிறகு தங்கள் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டதை விசாரணைக் கமிஷன் முன் தாய்மார் வந்து சொன்னார்கள். அந்தச் செலவை எந்தப் பத்தியில் எழுதுவது?

டாலர்க் கணக்குக்கே வருவோம். 2019 நவம்பரில் ஒரு வழக்கிலே, இப்படிச் சுமத்திய கடன் செல்லாது என்று அரசே ஒப்புக்கொள்ள, நீதிமன்றமும் அவ்வாறே அறிவித்தது. மறு ஆண்டு, 4,70,000 கடன்களுக்காக வாங்கிய 72 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. முன்னாள் தலைமை நீதிபதி கேதரின் ஹோம்ஸ் தலைமையில் அமைந்த கமிஷன் 2023 ஜூலையில் தந்த அறிக்கையில் வரவு-செலவு முழுவதும் இருக்கிறது. திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 97 கோடி டாலர். மிச்சமானது சுமார் 41 கோடி. ஆக, நிகர நஷ்டம் 56 கோடிக்கு மேல்.

யந்திரம் வகுத்ததில் பிழையில்லை; 26-ஆல் சரியாகவே வகுத்தது. சம்பளச் சீட்டைப் புரட்டிய குமாஸ்தா வெறும் எழுத்து வேலைதான் செய்கிறார் என்று எண்ணினார்களே, பிழை அங்கேதான். அவர் செய்தது விசாரணை. அதை 'அன்றாட வேலை' என்று ஒரு சொல்லால் அடித்துவிட்டார்கள்.

அந்த 56 கோடியோடும் கணக்கு முடியவில்லை. பாதிக்கப்பட்டோருக்கு இன்னும் 47.5 கோடி டாலர் நஷ்டஈடு தர 2025 செப்டம்பரில் அரசு சம்மதித்தது.