எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்னா, அப்புறம் எதுக்குய்யா ரெகுலேட்டர்?

எம்பெடட் லினக்ஸ்ல ஆணி புடுங்குற மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சூடான பதிவு. மத்தவங்களும் படிக்கலாம், புரியற மாதிரிதான் எழுதறேன்.

எஸ்டி கார்டு பாதியில செத்துப் போகுதுன்னா, உடனே டிவைஸ் ட்ரீயைத் திறந்து 'ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்'னு ஒரு வரியைச் சொருகிட்டு, "சரி பண்ணியாச்சு"ன்னு டீ குடிக்கப் போற ஒரு கோஷ்டி இருக்கு. அவங்க கூடத்தான் சண்டை.

முதல்ல, கார்டு ஏன் செத்துச்சு? டிரைவர் எழுந்திருக்கும்போது பவர் சிப்போட டிரைவர் இன்னும் எழுந்திருக்கலை. ரெகுலேட்டர் எங்கேன்னு கேட்டா, கர்னல் 'ப்ரோப் டிஃபர்'னு சொல்லும். "கொஞ்சம் பொறு, அப்புறம் வா"ன்னு அர்த்தம். 2012லயே வந்த வசதி இது. நம்ம டிரைவர் புண்ணியவான் என்ன பண்றார்? எந்தப் பிழை வந்தாலும் "ரெகுலேட்டரே இல்லை போல"ன்னு முடிவு கட்டிட்டு வேலையை ஆரம்பிச்சிடறார். பூட்லோடர் ஏற்கெனவே கரண்டை விட்டு வெச்சிருக்கறதால கார்டும் ஓடுது. பூட் முடிஞ்சதும் ரெகுலேட்டர் ஃப்ரேம்வொர்க் பார்க்குது: இந்த லைனை யாருமே கேட்கலையே! அணைச்சிடுது. ரூட் ஃபைல் சிஸ்டம் அந்தக் கார்டுல இருந்தா, சங்குதான்.

ஆக, ஓட்டை டிரைவர்ல. ஒட்டு போட்டது டிவைஸ் ட்ரீல. டிவைஸ் ட்ரீ வன்பொருள் எப்படி இருக்குன்னு சொல்ற இடம், டிரைவரோட குப்பையை மூடி வெக்கிற பாய் இல்லை.

"ஓடுதுல்ல, அப்புறம் என்ன?"ன்னு கேப்பாங்க. ரீபூட் பண்ணிப் பாருங்க.

யூஎச்எஸ் கார்டு முதல்ல 3.3 வோல்ட்ல பேச ஆரம்பிச்சு, வேகத்துக்காக 1.8க்கு இறங்கும். அதுக்கு கட்டளை 11 இருக்கு. திரும்ப 3.3க்கு ஏற கட்டளையே கிடையாது. கரண்டை நிறுத்தணும், 0.5 வோல்ட்டுக்குக் கீழே குறைஞ்சது 1 மில்லிசெகண்டாவது இருக்கணும். 'ஆல்வேஸ்-ஆன்' போட்டாச்சுன்னா யார் நிறுத்துவா? பிராசசர் ரீசெட் ஆகும், கார்டு ஆகாது. பூட் ராம் 3.3ல கூப்பிடும், கார்டு 1.8லயே உக்காந்திருக்கும். செவிடன் காதுல ஊதின சங்கு.

மேசை மேல இருக்குற போர்டுன்னா பிளக்கைப் பிடுங்கிச் சொருகிடலாம். மலை மேல மழை அளக்குற பெட்டி ஒண்ணு, ராத்திரி அப்டேட் ஆகி ரீபூட் ஆனா? விடிஞ்சதும் ஒரு ஆள் ஏறணும். அதுவரைக்கும் பெய்ஞ்ச மழைக்குக் கணக்கே இல்லை. வீட்டுல இருக்கறவங்களோ "கார்டு போச்சு"ன்னு நல்ல கார்டைத் தூக்கி எறிவாங்க. உங்க ஒரு வரிக்கு அவங்க தண்டம் அழணும்.

"எங்க போர்டுல கரண்டை நிறுத்த சுவிட்சே இல்லைங்க"ன்னா, அது நியாயமான பதில். அப்ப 'நோ-1-8-வி'ன்னு எழுதுங்க. நொடிக்கு 104 எம்பிக்குப் பதிலா 25 எம்பிதான் உச்சம். மெதுவா ஓடினாலும் ரீபூட்டுக்கு அப்புறம் எழுந்திருக்கும். போர்டுலயே ஒட்டின இஎம்எம்சி கதை வேற. அங்க நிரந்தர சப்ளைக்கு நியாயம் இருக்கலாம். நான் பேசறது கழட்டி மாட்டுற கார்டைப் பத்தி.

சுவிட்ச் இருந்தா, வேலை ரொம்பக் கம்மி. 'எம்எம்சி_ரெகுலேட்டர்_கெட்_சப்ளை'ன்னு ஒரு ஃபங்ஷன் கர்னல்லயே இருக்கு. கார்டுக்கான விஎம்எம்சி, சிக்னலுக்கான விக்யூஎம்எம்சி ரெண்டையும் அதுவே கேட்டு வாங்கும். அது தர்ற பிழையை முழுங்காம மேலே அனுப்புங்க. எத்தனை தடவை எனேபிள் பண்றீங்களோ அத்தனை தடவை டிசேபிள் பண்ணுங்க. கணக்கு தப்பினா லைன் அணையாமலே கிடக்கும். அணைச்ச உடனே போடாதீங்க, கபாசிட்டர் வடிய நேரம் வேணும். அதுக்கு 'ஆஃப்-ஆன்-டிலே' இருக்கு.

அப்புறம் பிளக்கைச் சொருகி ஒரு தடவை பூட் ஆனதும் கை தட்டாதீங்க. கரண்டை நிறுத்தாம 100 தடவை ரீபூட் விடுங்க. அதுல பாஸானா பேட்ச் அனுப்புங்க.

டிஸ்கி: அந்த ஒரு வரியை இன்னும் வெச்சிருக்கறவங்க திட்டறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை ரீபூட் பண்ணிட்டு வந்து திட்டவும்.