புதன்கிழமை ஊசியோட காதையும் பார்த்துடலாமே

குழந்தை பிறந்த சேதி வந்தா எங்க ஊர்ல மூணு கேள்விதான் கேப்பாங்க. பையனா புள்ளையா, எடை எத்தனை, சுகப்பிரசவமா ஆபரேசனா. டவுன்ல இருக்கிற உங்க சொந்தக்காரங்களும் அதையேதான் கேப்பாங்கன்னு நினைக்கிறேன். காது சோதிச்சாச்சான்னு யாரும் கேக்கிறதில்லை. இனிமே கேக்கணும்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

காது கேக்காம பிறக்கிற குழந்தையைப் பார்த்தா ஒண்ணும் தெரியாதுங்க. சிரிக்கும், அழும், முகம் பார்க்கும். நாலஞ்சு மாசத்துல 'ங்கா'ன்னு சத்தம்கூடப் போடும். வீட்டுப் பெரியவங்க தட்டைத் தட்டிப் பார்ப்பாங்க, கதவை அறைஞ்சு பார்ப்பாங்க. குழந்தை திரும்பும். திரும்புனது சத்தத்துக்கா, தரை அதிர்ந்ததுக்கா, இல்ல கை ஆடுனது கண்ணுல பட்டதுக்கா? யாரு கண்டது. பெரிய சத்தம் மட்டும் கேக்கிற குழந்தையும் திரும்பத்தான் செய்யும், ஆனா பேச்சு அதுக்குக் கேக்காது. ஒண்ணரை வயசாகியும் பேச்சு வரலைன்னா, "அவங்க அப்பாரும் மூணு வயசுலதான் பேசுனாரு"ன்னு ஒரு சமாதானம். அப்புறம் நாக்குல வசம்பு தேய்ப்பாங்க, கோயிலுக்கு மணி வேண்டிக்குவாங்க. அதுல ஒரு வருசம் ஓடிப்போயிடும்.

எங்க தெருவுல ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆச்சு. மூணரை வயசுல பால்வாடி டீச்சர்தான் சொன்னாங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டா இவன் திரும்பறதே இல்லைன்னு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தா ரெண்டு காதும் கேக்கலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் ஆபரேசன் பண்ணுனாங்க. வெளியில பண்ணுனா பல லட்சம் ஆகிற ஆபரேசன், ஆறு வயசுக்குள்ள இருந்தா இந்தத் திட்டத்துல இலவசம். நல்ல திட்டம், குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா காதுல மெசின் வெச்ச உடனே பேச்சு வந்துடாது. அவங்கம்மா ரெண்டு வருசம் காட்டு வேலைக்குப் போகாம, வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் ஏறி பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போச்சு. இப்ப அவனுக்கு எட்டு வயசு. பேசறான். வீட்டு ஆளுங்களுக்குப் புரியும், வெளியாளுக்குப் பாதிதான் புரியும். பிறந்த ஆஸ்பத்திரியில எடை பார்த்தாங்க, ஊசி போட்டாங்க, காதை மட்டும் பார்க்கலை. அன்னைக்கே பார்த்திருந்தா மூணரை வருசம் மிச்சம்.

அந்த மூணரை வருசம்தான் பெரிய விசயம். மூளை பேச்சைப் பிடிக்கிற காலம் அது. பட்டம் தப்பின வெள்ளாமைக்கு எத்தனை உரம் போட்டாலும் முழு மகசூல் வராதில்ல, அந்தக் கணக்கு. 1998-ல அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 150 குழந்தைங்களை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. ஆறு மாசத்துக்குள்ள கண்டுபிடிச்ச குழந்தைங்களோட மொழி, அதுக்கப்புறம் கண்டுபிடிச்சவங்களைவிட நல்லா முன்னேறியிருந்துச்சு. குறை கொஞ்சமா இருந்தாலும் அதிகமா இருந்தாலும் இதே முடிவுதான். டாக்டருங்க 1-3-6னு ஒரு கணக்கு சொல்றாங்க. ஒரு மாசத்துக்குள்ள சோதனை, மூணு மாசத்துக்குள்ள குறையை உறுதி பண்றது, ஆறு மாசத்துக்குள்ள மெசின், பயிற்சின்னு ஆரம்பிச்சுடறது.

மெசினும் ஆபரேசனும் வேண்டாம், சைகை மொழியில வளர்க்கிறோம்னு சொல்ற குடும்பமும் இருக்கலாம். அது அவங்க முடிவு. ஆனா அதுக்கும் சீக்கிரம் தெரியணும். சைகையும் மொழிதானே, அதைப் பிடிக்கிறதும் இதே வயசுலதான்.

சோதனை ஒண்ணும் பெரிய வேலை இல்லை. ஓ.ஏ.இ.ன்னு பேரு. குழந்தை பால் குடிச்சுத் தூங்கும்போது காதுல சின்ன ரப்பர் முனையை வெச்சு 'டிக் டிக்'னு சத்தம் விடுவாங்க. காதுக்குள்ள நத்தைக்கூடு மாதிரி இருக்கிற பாகம் நல்லா இருந்தா, அது ஒரு மெல்லிசான எதிரொலியைத் திருப்பி அனுப்பும். அதை மைக் பிடிச்சு, தேறுச்சா இல்லையான்னு சொல்லிடும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, சில நிமிசம்தான். ஐ.சி.யூ.வுல இருந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலை கடுமையா வந்த குழந்தைக்கும் இது மட்டும் போதாது. காதுல இருந்து மூளைக்குச் சேதி போகுதான்னு பார்க்கிற பெரா சோதனையும் பண்ணணும்.

"எங்க வம்சத்துல யாருக்கும் அப்படி இல்லையே"ன்னு நீங்க கேக்கலாம். காது கேக்காம பிறக்கிற குழந்தைங்கள்ல பெரும்பாலோரோட அப்பா அம்மா நல்லா கேக்கிறவங்கதான். பாதிப் பேருக்கு எடை குறைவு, காமாலைன்னு எந்த முன்னறிகுறியும் இருக்காது. அதனால சந்தேகப்படற குழந்தையை மட்டும் சோதிச்சா பாதியை விட்டுடுவோம். இதுல நாம அத்தை மகள், மாமன் மகன்னு சொந்தத்துக்குள்ளேயே கட்டறோம். ரெண்டு பக்கமும் வெளியில தெரியாம ஒளிஞ்சிருக்கிற குறை குழந்தைகிட்ட வந்து ஒண்ணு சேரும்.

அரசாங்கத்துக்கு இது தெரியாமலில்லை. 2013-ல ஆரம்பிச்ச தேசிய சிறார் நலத் திட்டத்துல காது கேளாமையும் ஒண்ணு. பெரிய ஆஸ்பத்திரிகள்ல சோதனையும் நடக்குது. அறுந்து போற இடம் வேற. பிறந்த ரெண்டு நாள்ல காதுல அழுக்கும் நீரும் இருக்கும், நல்ல காதே சில நேரம் தேறாது. மறுபடி கூட்டிட்டு வாங்கன்னு சீட்டு குடுப்பாங்க. ஜில்லா ஆஸ்பத்திரி 50 கிலோமீட்டர், பச்சை உடம்புக்காரி, கூட ஒரு ஆள் வேணும், ஒரு நாள் கூலி போச்சு. "புள்ளை நல்லாத்தானே இருக்கு"ன்னு அந்தச் சீட்டு பீரோவுக்குள்ள போயிடும்.

அதனால நான் சொல்றது இதுதான். புதன்கிழமை தடுப்பூசிக்கு எங்க ஊர்ல எந்த அம்மாவும் தவறாது. ஒண்ணரை மாசத்து ஊசிக்கு வரும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துலேயே காதையும் பார்த்துடட்டும். கையில தூக்கற அளவுதான் மெசின். வட்டாரத்துக்கு ஒண்ணு ரெண்டு இருந்தா முறை வெச்சு சுத்தி வரலாம். சத்தமில்லாத ஒரு ரூம் வேணும், பழக்கிவிட்ட ஒரு நர்ஸ் வேணும். கர்ப்பம் பதிஞ்ச நாள்ல இருந்து பிக்மி நம்பர் இருக்குது, அதுலேயே காது சோதனைக்கும் ஒரு கட்டம் போட்டா, வராதவங்க யாருன்னு நர்சம்மாவுக்குத் தெரிஞ்சுடும். என் மாட்டுக்குக் காதுல மஞ்சள் தோடு மாட்டி 12 இலக்க நம்பர் குடுத்திருக்காங்க. ஊசி போட்ட தேதி, சினை பிடிச்ச தேதி எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறுது. குழந்தைக்கு ஒரு கட்டம் கூடுதலாப் போடறதா கஷ்டம்?

அது வர்ற வரைக்கும் உங்களால ஆகிற வேலை ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுல, ஆபீஸ்ல, வீட்டு வேலைக்கு வர்ற அம்மா வீட்டுல யாருக்குக் குழந்தை பிறந்தாலும் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பாருங்க. ஓ.ஏ.இ.ன்னு எழுதி, வலது இடதுன்னு ரெண்டு காதுக்கும் தனித்தனியா முடிவு போட்டிருக்கணும். ஒரு காது தேறலைன்னு இருந்தாலும் செவிடுன்னு அர்த்தமில்லை, பயமுறுத்தாதீங்க. மறு சோதனைக்குத் தேதி வாங்கிக் குடுங்க, முடிஞ்சா ஆஸ்பத்திரி வரைக்கும் கூடப் போங்க.