மறைந்த கப்பலுக்குக் கண் தெரியுமா?

குழந்தைகளே, விண்வெளிக் கப்பல் கதைகளில் எதிரி வந்ததும் தலைவர் ஒரு பொத்தானை அழுத்துவார். கப்பல் மாயமாக மறைந்துவிடும். 1966லேயே 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் இது வந்துவிட்டது. "எல்லாம் சும்மா கதை" என்று பெரியவர்கள் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். அதற்காக அப்படியே நம்பவும் மாட்டேன்.

எங்கள் சின்னமனூர்ப் பக்கம் முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் பாறையைச் சுற்றிப் பிரிந்து, பின்னால் மறுபடி கூடிக்கொள்ளும். சற்றுத் தள்ளிப் போய்ப் பார்த்தால், பாறை இருந்த அடையாளமே நீரில் இராது. ஒளியையும் இப்படிச் சுற்றிப் போகவைத்தால் பொருள் மறைந்துவிடும் அல்லவா? அதற்கு உதவுவதுதான் 'மெட்டாமெட்டீரியல்'. எதனால் செய்தோம் என்பதைவிட, எந்த வடிவில் அடுக்கினோம் என்பதே இதில் முக்கியம். 2006ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இத்தகைய வளையங்களால் ஒரு சிறு செம்பு உருளையை மைக்ரோ அலைகளிடமிருந்து ஓரளவு மறைத்துக் காட்டினார்கள். நம் கண்ணுக்கு அது நன்றாகவே தெரிந்தது!

வடிவத்தின் வித்தையை நம் நாட்டவர் ஒருவர் வெகு முன்பே காட்டிவிட்டார். 1898ல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், முறுக்கிய சணல் நார்க்கற்றை வழியே மின்காந்த அலைகளைச் செலுத்தினார். அலை அதிரும் தளம் திரும்பியது. முறுக்கை மாற்றினால் எதிர்ப்பக்கம் திரும்பியது. சணல் சாக்குக்கு ஆகும் அதே சணல்தான்! போஸ் என்றதும் செடிகளைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். சணலையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

2024ல் கான்பூர் ஐ.ஐ.டி. 'அனாலக்ஷ்யா' என்ற துணியை வெளியிட்டது. இது வேறு வழி. ரேடார் அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது.

சரி, கதைக் கப்பலுக்கு வருவோம். எல்லா ஒளியும் கப்பலைச் சுற்றிப் போய்விட்டால், உள்ளே இருப்பவர் கண்ணில் எது படும்? ஒன்றும் படாது. எதிரிக்கு இவர் தெரியமாட்டார். இவருக்கு எதிரியும் தெரியமாட்டான். எட்டிப் பார்க்க ஒரு துளை விட்டால், அந்தத் துளை காட்டிக் கொடுத்துவிடும். மறைவதா, பார்ப்பதா என்று தலைவர் திண்டாடுவதல்லவா நல்ல கதை? கதாசிரியர்கள் ஏனோ இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் வெப்பம். விண்வெளியின் குளிர் சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில், மனிதர் வாழும் கப்பல் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதை உணரும் கருவிக்கு அது இருட்டில் எரியும் விளக்கு மாதிரி. வெப்பத்தை வெளியே விடாமல் அடைத்து வைத்தாலோ, தலைவர் இட்லிப் பானைக்குள் அகப்பட்டதுபோல வெந்துபோவார்!