விட்டுப்போன பாடமும் யந்திரமும்

கொரோனா நோயின் காரணமாக 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பாடசாலைகள், எட்டாம் வகுப்பு வரையிலுள்ள சிறு பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. ஏறக்குறைய பத்தொன்பது மாத காலம்! அந்நாளில் முதல் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, உபாத்தியாயர் முகத்தைச் சரியாகப் பாராமலே இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிட்டது. 2025-ல் அது ஆறாம் வகுப்பையும் எட்டிற்று. அதன் படிப்பு எவ்வளவு எட்டிற்று என்பதே நமது கேள்வி.

பாடசாலை மூடியிருந்தபோது யந்திரம் கைகொடுக்கும் என்றார்கள். 2017-18-ம் வருஷத்து மத்திய சர்க்கார் கணக்கின்படி, தேசத்தில் கிராமத்துக் குடும்பங்கள் நூற்றில் சுமார் 15-க்குத்தான் இண்டர்நெட் வசதி இருந்தது. கம்ப்யூட்டரோ ஐந்து குடும்பங்களுக்குக்கூட இல்லை. 2019-ல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி இதைவிடப் பரவலாகச் சென்றது என்பது உண்மையே. ஆனால் தொலைக்காட்சி பேசும், கேளாது. விழித்து நிற்கும் பிள்ளையின் முகம் அதற்குத் தெரியாது.

பின்பு நடந்தது என்ன? அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார நிபுணர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைச் சோதித்தார்கள். 2019-ல் அதே கிராமங்களில் அதே வயதிலிருந்த பிள்ளைகளைவிட, 2021 டிசம்பரில் இருந்தவர்கள் தமிழிலும், அதைவிட மிகுதியாகக் கணக்கிலும் பின்தங்கியிருந்தனர். எனினும் பாடசாலை திறந்த ஆறே மாதத்தில் அக்குறையில் மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்தது. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யின் பலன். மாதம் ஆயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு மாலை வேளையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்த தொண்டர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களே. அச்சகோதரிகளுக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது.

இதனால் யந்திரமே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. எந்த யந்திரம், எவருக்கு என்பதே விஷயம். ஆரம்பப் பாடசாலைகளில் 22,000-க்கு மேற்பட்ட 'ஸ்மார்ட்' வகுப்பறைகள் அமைக்கும் வேலையைச் சர்க்கார் மேற்கொண்டனர். நல்லதுதான். ஆயினும் பெரிய திரை, முன்பு கரும்பலகை செய்ததையே சற்று வர்ணத்தோடு செய்கிறது: எல்லாருக்கும் ஒரே பாடம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு ஒளிச்செடியில் ஸ்டார்ச்சு உண்டாகும் படத்தை எத்தனை அழகாகக் காட்டினால்தான் என்ன பிரயோஜனம்?

டில்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் கம்ப்யூட்டர் முறையைச் சோதித்தவர்கள், கொரோனாவுக்கு முன்பே, அங்கு வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியில் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருக்கக் கண்டனர். அக்கருவி ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் படியறிந்து அங்கிருந்து பாடம் தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் ஹிந்தியிலும் நல்ல முன்னேற்றம் கண்டது. அங்கும் பாதி நேரம் கம்ப்யூட்டரும், மறுபாதி சிறு கூட்டத்தை வைத்துக் கற்பிக்கும் மனிதருமாகவே நடந்தது என்பதை விளம்பரக்காரர்கள் சொல்ல மறந்துவிடுவர்!

படியறிந்து கற்பிப்பது நமக்குப் புதிதன்று. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது. ஆனால் அது ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. நோய்க்காலப் பிள்ளைகளில் மூத்தவர்கள் அதற்குள் அவ்வகுப்புகளைக் கடந்துவிட்டனர். ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்கென 2025-ல்தான் 'திறன்' என்னும் பயிற்சி தொடங்கியது. உயர்நிலைப் பாடசாலைகள்தோறும் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்ற பெயரில் கம்ப்யூட்டர்கள் உள்ளன. அவற்றைப் பரீட்சை நடத்தவும் புள்ளிவிவரம் திரட்டவும் மட்டும் வைத்திராமல், நாள்தோறும் ஒரு மணி நேரம் பின்தங்கிய பிள்ளைகளுக்கே ஒதுக்கிவைத்து, அருகில் ஓர் உபாத்தியாயரையும் நிறுத்த வேண்டும். காலியான ஆசிரியர் இடங்களை நிரப்பாமல் யந்திரத்தைக் காட்டிச் சமாளிப்பதை நாம் ஒருக்காலும் ஏற்கமாட்டோம்.

நமது தொண்டர்கள் இவ்வாரமே தத்தம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் சென்று ஒன்று கேட்கட்டும்: இப்பாடசாலையில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க இயலாதவர் எத்தனை பேர்? கிராம சபையில் அக்கணக்கை ஜனங்கள் முன்னிலையில் வாசிக்கக் கல்வி இலாகா உத்தரவிடுமா?