காதுக்குப் பகையில்லாத கம்பி நகை

"ஃபேன்ஸி ஸ்டோர்ல எடுத்த ஜிமிக்கிங்க... பார்க்க அம்சமா இருக்கு. ரெண்டு நாள் போட்டா காது சிவந்து, அரிச்சு, நீர் வடிய ஆரம்பிச்சுடுது. கழற்றிட்டா அடங்கிடுது. மறுபடி போட்டா மறுபடியும் அதே கதை!"

இந்தப் புலம்பல் கேட்காத தெரு உண்டா? கல்யாண வீட்டிலிருந்து திரும்பியதும், பட்டுப் புடவையைக் கூட மாற்றாமல், முதல் வேலையாகத் தோட்டைக் கழற்றி வைக்கும் பெண்கள் எத்தனை பேர்! "எனக்குத் தங்கம்தாம்மா ஒத்துக்கும்" என்று சொல்லிச் சமாளிக்கலாம். தங்கம் விற்கிற விலையில் புடவைக்கொரு தோடு வாங்க முடிகிற காரியமா?

ஒத்துக்கொள்ளாதது மணியும் அல்ல, கல்லும் அல்ல. காதுத் துளைக்குள் போகிறதே, அந்தச் சின்னக் கம்பிதான் வில்லன். அதில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகம் வியர்வை பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. சிலருடைய உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. ஒரு தடவை அப்படிப் பதிந்துவிட்டால், பெரும்பாலும் ஆயுசு முழுக்க மறப்பதில்லை. கைக்கடிகாரத்தின் பின்மூடி, ஜீன்ஸ் பித்தான் பட்ட இடமெல்லாம் அரிக்கிறதென்றால் அதுவும் இதே சொந்தக்காரன்தான். ஐரோப்பிய நாடுகளில், தோலில் படும் சாமான்களிலிருந்து நிக்கல் இவ்வளவுக்கு மேல் கசியக்கூடாது என்று 1994-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். அப்படியானால் தொல்லை எவ்வளவு பரவலானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பெயர் மயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் சில்வர் என்று இப்போது நகையும் தட்டும் குத்துவிளக்குமாகக் கடைகளில் குவிகிறதே, அதில் வெள்ளி ஒரு குன்றிமணி எடை கூடக் கிடையாது! செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை அது. பூஜைத் தட்டாக வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாக. அரிக்கிற காதுக்கு அது ஆகாது. "காந்தத்தை வச்சுப் பார்த்தேன், ஒட்டலை, அதனால நிக்கல் இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சோதனையும் உதவாது. ஜெர்மன் சில்வரில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. தோட்டுக் கம்பியில் நகப் பூச்சு தடவிக்கொள்வதும் நாலு நாள் வேலைதான், பூச்சு தேய்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி!

ஆகவே, தோலில் படுகிற கம்பி எது என்பதை நாமே தீர்மானித்துவிட்டால் என்ன? மணி கோத்த கம்பி நகையை வீட்டிலேயே செய்துகொள்வதில் அழகு, சிக்கனம் எல்லாம் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சௌகரியம்தான்.

இது மேல்நாட்டுப் புதுக்கலை என்று மலைக்காதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கழுத்தில் கிடக்கும் ஸ்படிக மாலையை ஒரு தரம் கையில் வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் தனித்தனியாக வெள்ளிக் கம்பியில் கட்டப்பட்டு, ஒன்றோடொன்று வளையத்தால் பிணைந்திருக்கும். ஏன் நூலில் கோக்கவில்லை? ஸ்படிகத் துளையின் ஓரம் கூர்மையானது, நூலை அறுத்துவிடும். கம்பி அறுபடாது. பஸ் நிலையத்து ஓரத்தில் உட்கார்ந்து, சின்னக் குறடு ஒன்றை வைத்துக்கொண்டு பாசிமணியைக் கம்பியில் பிணைக்கும் நரிக்குறவப் பெண்களின் கைவேகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நாம் கற்கப் போகிற வேலை அதேதான். ஒரு மாலை வாங்கிக்கொண்டு, பத்து நிமிஷம் பக்கத்தில் நின்று பாருங்கள். புத்தகம் சொல்லாததை அந்த விரல்கள் சொல்லும்.

இனி கம்பி. மணிகளைப் பிணைக்கச் செம்புக் கம்பி போதும். காதுக்குள் போகும் கொக்கிக்கு மட்டும் வெள்ளிக் கம்பி. "அய்யோ, வெள்ளியா?" என்று கையைப் பிசைய வேண்டாம். ஒரு ஜோடிக் கொக்கிக்கு 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி 10 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அதன் எடை சுமார் அரை கிராம்! வெள்ளி வேலை செய்யும் பத்தரிடம், 92.5 சதவீத வெள்ளியில் கம்பி இழுத்துத் தரச் சொல்லுங்கள். மீதி ஏழரைப் பங்கு செம்பாக இருக்கட்டும் என்றும் சொல்லி, ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

கம்பியைக் கேஜ் கணக்கில் விற்பார்கள். நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். நூலில் அறுபதாம் நம்பர் நாற்பதை விட மெல்லியது இல்லையா, அதே கதைதான். ஆனால் கேஜிலும் இரண்டு கணக்கு புழங்குகிறது. ஒன்றில் 24 என்றால் 0.5 மி.மீ., மற்றதில் கிட்டத்தட்ட 0.56 மி.மீ. அதனால் மில்லிமீட்டரிலேயே கேளுங்கள். மணி பிணைக்க 0.5 அல்லது 0.6 மி.மீ. சரி. முத்துக்குத் துளை ரொம்பச் சின்னது. மணியைக் கையோடு கொண்டுபோய், கம்பி நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

கருவிகள் மூன்றே மூன்று. மூக்கு உருண்டையாக இருக்கும் குறடு (கடையில் ரவுண்டு நோஸ் பிளேயர் என்பார்கள்), தட்டை மூக்குக் குறடு, கம்பி வெட்டும் கட்டர். வீட்டில் இருக்கும் குறட்டின் வாயில் பல் இருந்தால் கம்பியில் தழும்பு விழும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை அந்த வாயில் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது. முதல் நாளே நல்ல கம்பியில் கை வைக்க வேண்டாம். வீட்டு வயரிங் வேலையில் மிஞ்சிய செம்புக் கம்பியை உரித்துப் பழகுங்கள். ஃபேன் காயில் கம்பி வேண்டாம், அதன் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும்.

தொங்கட்டான் ஒன்று செய்வோமா? செம்புக் கம்பியில் 8 சென்டிமீட்டர் வெட்டுங்கள். வெட்டும்போது துண்டு கண்ணில் தெறிக்காதபடி இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் ஒரு நுனியை உருண்டைக் குறட்டால் சின்னச் சுழியாகச் சுருட்டுங்கள். மணி வழுக்கி விழாமல் இருக்க இதுதான் தடுப்பு. சின்ன மணி, பெரிய மணி, மறுபடி சின்ன மணி என்று கோருங்கள்.

இப்போதுதான் சூட்சுமம். மணிக்கு மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு, கம்பியைச் செங்குத்தாக மடக்குங்கள். விட்ட இடம்தான் 'கழுத்து'. மடக்கிய மூலையில் உருண்டைக் குறட்டை வைத்து, நீண்டிருக்கும் கம்பியைக் குறட்டு மூக்கின் மேலாக வளைத்துக் கீழே கொண்டுவந்து வளையமாக்குங்கள். வளையத்தைத் தட்டைக் குறட்டால் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு, மீதிக் கம்பியைக் கழுத்தில் இரண்டு மூன்று சுற்று, இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். மிச்சத்தை ஒட்ட வெட்டி, நுனியை உள்ளே அழுத்திவிடுங்கள். விரலால் தடவிப் பார்த்தால் எங்கும் குத்தக்கூடாது. குத்தினால் நகம் தேய்க்கும் அரம் எதற்கு இருக்கிறது!

முதல் பத்து வளையமும் முட்டை வடிவில்தான் வரும். வரட்டும். ஒன்று கவனியுங்கள்: வளைத்த கம்பியை நிமிர்த்தி, மறுபடி வளைத்து, மறுபடி நிமிர்த்தினால் செம்பு விறைத்துப் பட்டென்று ஒடிந்துவிடும். கோணலானால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுங்கள்.

கொக்கிக்கு வெள்ளிக் கம்பியில் 5 சென்டிமீட்டர். ஒரு நுனியில் சின்ன வளையம் செய்து தொங்கட்டானை மாட்டி மூடுங்கள். நடுப்பகுதியைப் பேனாவின் மேல் வைத்து வளைத்தால் கொக்கி உருவம் தானாக வந்துவிடும். இரண்டு கொக்கியையும் ஒரே பேனாவில் ஒன்றாகவே வளைத்தால் ஜோடி ஒரே மாதிரி இருக்கும். காதுக்குள் போகும் நுனியை அரத்தால் தேய்த்து மழுங்க வைக்க மறக்காதீர்கள். இங்கே சோம்பல் பட்டால் நல்ல வெள்ளியும் காதைக் கீறத்தான் செய்யும். கடைசியாகக் கொக்கியின் வளைவைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் விறைப்பு ஏறி, சீக்கிரம் நெளியாது.

மாலை வேண்டுமானால் இதே கட்டுதான், மணியின் இரு பக்கமும் வளையம். இரண்டாவது மணியின் வளையத்தைச் சுற்றி மூடுவதற்கு முன்பே முதல் மணியின் வளையத்தில் நுழைத்துவிட வேண்டும். 8 மி.மீ. மணியில் 45 சென்டிமீட்டர் மாலைக்கு 28 மணியும் 3 மீட்டர் கம்பியும் ஆகும். நிறம், டிசைன் எல்லாம் உங்கள் இஷ்டம். அதில் நான் தலையிடப் போவதில்லை.

ஏற்கெனவே காது புண்ணாகி இருக்கிறதா? ஆறும் வரை எதையும் போடாதீர்கள். சீழ், வீக்கம் இருந்தால் டாக்டரிடம் போவதுதான் முறை. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், தோல் டாக்டர்கள் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். புதிதாகக் காது குத்திய குழந்தைக்கு நம் கைவேலையைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

குழந்தை என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தவழ்கிற, நடை பழகுகிற குழந்தை உள்ள வீட்டில் இந்த வேலையை அது தூங்கும்போது மட்டும் செய்யுங்கள். ஒரு தாம்பாளத்தில் பழைய டர்க்கி டவலை விரித்து அதன் மேல் மணிகளைக் கொட்டினால் உருண்டு ஓடாது. தரையில் தெறித்த கம்பித் துணுக்குகளைக் காந்தத்தால் பொறுக்க முடியாது. செம்பிலும் வெள்ளியிலும் அது ஒட்டாதே. சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றால் ஒற்றி எடுத்து, உருண்டையோடு தூக்கி எறியுங்கள். மூக்கிலோ காதிலோ மணியைப் போட்டுக்கொண்டால் ஹேர்பின்னை விட்டுக் குடையாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

காந்தக் கொக்கி வைத்த மாலைகள் இப்போது பாஷன். குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அதை விடவே விடாதீர்கள். இரண்டு காந்தத் துண்டுகள் வயிற்றுக்குள் போனால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, குடலையே ஓட்டையாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிதான். காத்திருந்து பார்க்கிற சமாசாரம் இல்லை.

அதே மாதிரி, சிவப்பும் கறுப்புமாகக் கொள்ளை அழகாக இருக்கும் குன்றிமணி. பிள்ளையார் கண்ணோடு அது நிற்கட்டும். அதன் பருப்பு கடும் விஷம். முழுசாக இருக்கும் வரை அந்தக் கெட்டி ஓடு காவல். கோப்பதற்காகத் துளை போட்டால் காவல் போய்விடுகிறது. குன்றிமணி வகை விதையில் செய்து விற்ற கைவளைகளை, 2011-இல் இங்கிலாந்தில் ஒரு சுற்றுலா இடம், வாங்கியவர்கள் எல்லோரையும் திருப்பித் தரச் சொல்லி அறிவித்தது.

பழகிய பிறகு அக்கம்பக்கத்தில் விற்கவும் செய்யலாம். எந்தக் கம்பி என்பதைச் சின்னச் சீட்டில் எழுதி இணைத்துக் கொடுங்கள்: "கொக்கி வெள்ளி 92.5, பிணைப்பு செம்பு." கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் கொக்கியைப் பூட்டிவிட்டு "அலர்ஜி வராதுக்கா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது எதில் செய்தது என்று உங்களுக்கே தெரியாது அல்லவா?

செம்பு பட்ட இடத்தில் தோல் பச்சையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். வியர்வையில் ஊறிய செம்பின் சாயம்தான் அது, சோப்பில் போய்விடும். கம்பி கறுத்தால், பித்தளைக் குடத்துக்குச் செய்கிற மாதிரி கொஞ்சம் புளித் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், உடனே துடைத்து உலர்த்தி வையுங்கள். கண்ணாடி மணிக்கும் ஸ்படிகத்துக்கும் இது சரி. முத்தோ பவளமோ கோத்திருந்தால் புளி கிட்டேயே போகக்கூடாது, புளிப்பு பட்டால் அவை அரித்துவிடும். ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.