வண்டியின் வருடப் பரீட்சை

எட்டயபுரம் என்றவுடன் தமிழ் பயில்வோர் நெஞ்சில் எழுவன பாரதியார் பிறந்த இல்லமும், உமறுப் புலவர் அடக்கமாகிய இடமும், முத்துசாமி தீட்சிதரின் சமாதியுமே. அவற்றைக் காண வருவோரையும், சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குச் செல்வோரையும், கலியாண வீட்டாரையும் ஏற்றித் திரியும் பழைய வேன்களைப் பற்றி எழுதுவாரைக் காணோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டது சிலர்க்கு நகை விளைக்கலாம், விளைப்பினும் ஆகுக. நம் கருத்து இது: பழைய வண்டியைத் தகுதிச் சான்றுக்கு ஆயத்தம் செய்யும் முறை பெரிதும் தலைகீழாய் நடக்கின்றது. உயிர்நிலையை விட்டுத் தோலைத் துலக்குவதிலேயே காலமும் பொருளும் கழிகின்றன.

வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்பது 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே உண்டு. இன்று வழங்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56-ஆம் பிரிவும் அதனையே வற்புறுத்துகின்றது. எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதனைக் கடந்தபின் ஆண்டுதோறும் சான்றினைப் புதுப்பித்தல் வேண்டும் என்பது 2018-இல் வந்த திருத்தம். இதனை மக்கள் 'எப்.சி. காட்டுதல்' என்பர், சோதிக்க வரும் மோட்டார் வாகன ஆய்வாளரைப் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்பர். எதனை முதலிற் பார்க்கவேண்டும் என்பதை அப்பெயரே உணர்த்துகின்றதன்றோ!

பூனாவிலிருந்த பஜாஜ் டெம்போ கம்பெனியார் ஜெர்மானியர் துணையோடு செய்து விற்ற மெட்டடார் வேன் ஒருகாலத்தில் நம் நாடெங்கும் ஓடியது. வேன் என்பதற்கே மெட்டடார் என்று பெயர் வழங்கிய ஊர்களும் உண்டு. அது செய்யப்படுவது நின்று இருபது ஆண்டுக்கு மேலாயிற்று. எஞ்சியிருப்பவற்றுக்கு எப்.சி. நாள் நெருங்கும்போது நடப்பது யாது? டிங்கரிங் கடையில் நசுங்கல் எடுப்பர்; பட்டி பார்ப்பர்; பெயிண்டு அடிப்பர்; ஸீட்டுக்குப் புத்துறை தைப்பர்; முன்னும் பின்னும் ஒளி திருப்பும் பட்டைகளை ஒட்டுவர். தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு, நல்ல டயரை ஒருநாள் வாடகைக்கு வாங்கி மாட்டி, சான்று கைக்கு வந்த மாலையே திருப்பிக் கொடுப்பாரும் உளர். ஆண்டு முழுதும் புத்தகந் தொடாது, பரீட்சைக்கு முந்திய வாரம் பிறர் எழுதிய குறிப்பைக் கடன்வாங்கும் மாணாக்கர் நிலையும் இதுவே. ஆனால் மாணாக்கன் தவறினால் அவன் ஒருவனே மறுமுறை எழுதுவான். வேன் தவறினால் உள்ளிருக்கும் பன்னிருவரும் அவருடைய குடும்பங்களும் அதற்கு ஈடு செய்கின்றனர்.

நிற்க. எட்டயபுரத்து மண் கரிசல்; மழைக்காலத்தில் அது சேசிஸின் மூலைதோறும் அப்பி ஈரத்தை விடாது பற்றிக்கொள்ளும். அவ்வண்டியே தூத்துக்குடி உப்பளப் பாதைகளிலும் ஓடுமாயின் உப்பும் அதனோடு சேரும். ஈரமும் உப்பும் கூடிய இடத்தில் இரும்பு விரைந்து துருவேறும். மேலே பெயிண்டு பளபளக்க, காலடியிலுள்ள தளத்தகடு அப்பளம்போல் இற்றுப்போவது இவ்வாறே. ஆதலின் ஆயத்தம் தொடங்கவேண்டிய இடம் வண்டியின் அடிவயிறு. தண்ணீர் பீய்ச்சி மண்ணை நீக்கியபின், சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல தகடு கணீரெனும், இற்றது மொத்தென்னும்.

இது வெறும் அச்சமன்று. 2012 ஜூலை 25-ஆம் நாள், சென்னையை அடுத்த தாம்பரத்தருகே, பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமியொருத்தி வீழ்ந்து, அப்பேருந்தின் சக்கரத்திலேயே சிக்கி மாண்டாள். அவ்வண்டி சின்னாட்களுக்கு முன்னரே தகுதிச் சான்று பெற்றிருந்தது! சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்தது. பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தமிழக அரசு அவ்வாண்டே தனி விதிகளும் வகுத்தது. அன்று முதல் பள்ளி வண்டிகளைத் திறப்புக்கு முன் திரட்டிச் சோதிக்கின்றனர். கலியாணத்துக்கும் சந்தைக்கும் ஓடும் வேனில் குழந்தைகள் ஏறுவதில்லையா என்பதே நாம் கேட்கும் வினா.

அடுத்தது பிரேக்கு. அதிலுள்ள எண்ணெய் காற்றின் ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும்; இறக்கத்தில் பிரேக்கு சூடேறினால் அவ்வீரம் ஆவியாகி, மிதித்த பெடல் பயனின்றித் தரைவரை இறங்கும். டிரம்மைக் கழற்றி லைனரையும் வீல் சிலிண்டரையும் பாராமல், அலுவலக மைதானத்தில் பத்தடி ஓட்டி நிறுத்திக் காட்டுவது சோதனையாகாது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலுங் கீழும் பிடித்து அசைத்தால் கிங்பின்னின் தேய்வு கையிலேயே தெரியும். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி.

பழமைக்குச் சலுகை வேண்டும் என்பார் சிலர். இங்கிலாந்தில் நாற்பதாண்டு கடந்து, பெரிதும் மாற்றப்படாத சொந்த வண்டிகளுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. நம் நாட்டிலும் ஐம்பதாண்டு கடந்த சொந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளெனப் பதியும் விதி 2021-இல் வந்தது. பத்தாண்டுக்குச் செல்லும் அப்பதிவுக்குப் புதிதாயின் 20,000 ரூபாய் கட்டணம். ஆயின் அவை காட்சிக்கும் அணிவகுப்புக்குமே வெளிவரலாம். நாடோறும் ஓடுதலும் கூலிக்கு ஓடுதலும் கூடா. இவ்வரையறை நமக்கு முழுதும் உடன்பாடு. கூலி வாங்கும் கிழவண்டிக்கு இளவண்டியினும் கடுமையான சோதனையே தகும்.

'கையிற் பணமில்லை, 2022 முதல் பதினைந்தாண்டு கடந்த வண்டிக்குக் கட்டணத்தையும் பன்மடங்கு உயர்த்திவிட்டனர்' என்பது வண்டிக்காரர் முறையீடு. அம்முறையீட்டில் நியாயம் உண்டு. ஒரு வேனை நம்பி ஒரு குடும்பம் பிழைக்கும் ஊர் அது. எனினும் பட்டிக்கும் பெயிண்டுக்கும் செலவிடுவதில் ஒரு பங்கு, லைனருக்கும் வீல் சிலிண்டருக்கும் போதும். ஆய்வாளரும் நிறத்தைக் கண்டு மகிழாது, பள்ளத்தில் இறங்கி அடியைப் பார்ப்பாராயின், வண்டிக்காரர் தாமே பெயிண்டுக் கடையை விட்டு மெக்கானிக்கிடம் முதலிற் போவர். எப்.சி. நாளுக்கு ஒரு திங்கள் முன்னரே போதல் வேண்டும். பழைய வண்டிக்குரிய உறுப்பு உடனே கிடையாது, மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ஆள் அனுப்பித் தேட நேரும். அங்ஙனம் போகும்போது வண்டியை நாடோறும் ஓட்டும் டிரைவரையும் உடனழைத்துச் செல்க. எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் இழுக்கின்றது என்பது முதலாளிக்கன்று, அவனுக்கே தெரியும்.