மார்கழி இசைவிழாவும் சைவர் கடனும்

சென்னைமாநகரில் மார்கழித் திங்கள்தோறும் இசைவிழாக்கள் பல நிகழ்கின்றன. அவற்றுள் தலைமை வாய்ந்தன இரண்டு. ஒன்று சங்கீத வித்வத் சபையார் நடத்துவது. மற்றொன்று தமிழ் இசைச் சங்கத்தார் நடத்துவது. இரண்டும் ஏறத்தாழ ஒரே நாட்களில் நிகழ்தலின், ஒருவர் ஒரு பொழுதில் ஒன்றற்கே செல்லுதல் கூடும். சைவ நன்மக்கள் எதற்குச் செல்லற்பாலர் என்பது ஈண்டு ஆராயப்படும். இது பொழுதுபோக்குப் பற்றிய வினா அன்று. திருமுறைப் பண்கள் நிலைபெறுதலும் மறைந்தொழிதலும் கேட்போர் விருப்பத்தைப் பற்றி நிற்றலின், சமயக் கடன் பற்றிய வினாவேயாம்.

முதற்கண் இவற்றின் வரலாறு அறிதல் வேண்டும். 1927-ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி அகில இந்திய சங்கீத மகாநாடு ஒன்று நிகழ்ந்தது. அதன் பயனாக 1928-இல் வித்வத் சபை தோன்றியது. விழாநாட்களிற் காலையில் வித்துவான்கள் கூடி இலக்கணம் ஆராய்தலும், மாலையிற் கச்சேரி நிகழ்தலும் அச்சபையின் வழக்கம். இது போற்றத்தக்கதே. ஆயினும், தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப்பாட்டுக் கச்சேரியின் இறுதியில் துக்கடாவாக ஒதுக்கப்பட்டமை கண்டு பலர் வருந்தினர். இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று உதவ, 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இசை மகாநாடு கூடியது. அவ்வாண்டிறுதியிலேயே வித்வத் சபையார், மொழி பற்றிய நோக்கினாற் சங்கீதத்தின் உயர்தரம் குறைதலாகாது என்னும் கருத்துப்படத் தீர்மானம் செய்தனர். 1943-இற் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. 1949 முதலாகப் பண் ஆராய்ச்சியும் அச்சங்கத்தாரால் நடத்தப்பட்டு வருகின்றது.

இனி, "இசைக்கு மொழி இல்லை; சுரமே இசை; ஆதலின் எவ்விழாவாயினும் ஒன்றே" என்பார் ஒரு சாரார். தம் கூற்றிற்குச் சான்றாக ஆனாய நாயனாரையும் காட்டுவர். குழலிசைக்குச் சொல் ஏது, அவர் அக்குழலாலன்றோ சிவகதி பெற்றார் என்பர். அது பொருந்தாது. என்னை? நாயனார் குழலில் அமைத்தது வெறுஞ் சுரம் அன்று. திருவைந்தெழுத்தே என்று சேக்கிழார் தெளிவுற வகுத்தோதினார். குழலினும் எழுத்து நீங்காதாயின், மிடற்றினாற் பாடும் பாட்டிற் சொல்லும் பொருளும் வேண்டாவென்றல் யாங்ஙனம் கூடும்? திருக்கோலக்காவிற் சம்பந்தப்பிள்ளையார் கையினால் ஒத்தறுத்துப் பதிகம் பாடக் கண்டன்றோ இறைவன் பொற்றாளம் அருளினான்? பாட்டின்பொருட்டுத் தாளம் வந்தது. தாளத்தின்பொருட்டுப் பாட்டு வந்ததில்லை.

அற்றேல், "திருமுறை பத்திக்குரியதாகுக, விரிவான ஆலாபனைக்கும் வித்துவத்திற்கும் அதில் இடமில்லை, தரம் காத்தற்பொருட்டே ஏனைய உருப்படிகள் முதன்மை பெறுகின்றன" என்பார் மற்றொரு சாரார். இதுவும் ஆராயாக் கூற்றே. ஓதுவார் மரபில் தக்கேசி காம்போதியாகப் பாடப்படுகின்றது. பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், செந்துருத்தி மத்தியமாவதியாகவும் பாடப்படுகின்றன. காம்போதியை நெடும்பொழுது விரித்துப் பாடும் வித்துவானுக்குக் கீர்த்தனத்தில் உள்ள இடம் தக்கேசிப் பதிகத்தில் மட்டும் இல்லாதொழிந்தது எங்ஙனம்? இராகம் அதுவே, சுரம் அதுவே, குரல் அதுவே. இல்லாதது இடம் அன்று, மனமே. தரத்தின் பெயரால் ஒதுக்குவோர் உண்மையில் வழக்கத்தையே காக்கின்றனர்.

இவ்விருவரையும் மறுத்தமையால், "தமிழாயிற் போதும்" என்பாரை உடன்பட்டதாகக் கொள்ளற்க. முத்துசாமி தீட்சிதர் பஞ்சபூதத் தலங்களின்மீது வடமொழியிற் பாடிய கீர்த்தனங்களைச் சிவபத்தியுடையார் எவரே இகழ்வர்? தமிழிற் பாடப்பட்டதாயினும் பொருட்சிறப்பில்லாத பாட்டு, தமிழ் என்னும் ஒன்றானே திருமுறையோடு ஒருங்கு வைக்கப்படுமோ? மொழிப்பற்று நன்றே, அஃதொன்றே அளவுகோலாயின், சங்கத்தின் மேடையும் நாளடைவிற் சொல் மாறிய சபையாகவே முடியும். அங்கும் பதிகத்தில் ஒரு பாட்டை முகப்பிற் பாடி நிறுத்துதல் திருமுறைக்குச் செய்யும் சிறப்பாகாது. துக்கடா இறுதியில் இருப்பினும் முதலில் இருப்பினும் துக்கடாவே.

அங்ஙனமாயின் அளவுகோல் யாது? பண் வாழும் இடம் யாது என்பதே. தில்லையில் திருமுறை ஏடுகள் வெளிப்பட்ட பின்னரும், அவற்றின் பண்முறை தெரியாமையின், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக்கொண்டே பண் வகுக்கப்பட்டதென்று திருமுறைகண்ட புராணம் கூறும். இதனால் அறியக்கிடப்பது யாது? ஏடு சொல்லைக் காக்கும், பண்ணைக் காவாது. பண்ணைக் காப்பன பாடும் மிடறும் கேட்கும் செவியுமே. இந்நாளில் அச்சுப் புத்தகத்தாற் பதிகத்தின் எழுத்திற்கு அழிவில்லை. பண்ணோ, கேட்பாரற்றவழி ஒரு தலைமுறையிலே மாயும். மீட்டும் வகுத்துத்தர அம்மரபிற் பிறந்த ஒருவர் கிடைப்பார் என்று எண்ணியிருத்தல் பேதைமை.

இவ்வளவுகோல்கொண்டு நோக்குமிடத்து, பண் ஆராய்ச்சியைத் தனிக் கடமையாக மேற்கொண்டதும், ஓதுவாரைப் பண் இசைப் பேரறிஞர் என்று பட்டமளித்துப் போற்றுவதுமாகிய தமிழ் இசைச் சங்கமே சைவர் முதற்கண் செல்லுதற்குரியது என்பது துணிபு. வித்வத் சபைக்குச் செல்லுதல் குற்றமன்று. அதனையே தலைமையாகக்கொண்டு பண்ணரங்கை வெறிதாக விடுதலே குற்றம். பாடுவோர் பலர் இரண்டு மேடைகளிலும் பாடுவோரே. கேட்போர் எதற்கு அமர்ந்திருக்கின்றனர், எதற்கு எழுந்துசெல்கின்றனர் என்பதனை அவர் நன்கறிவர். பதிகம் முழுவதும் கேட்க ஓர் அவை உளதாயின் பதிகம் முழுவதும் பாட ஒருவர் உளராவர்.

சங்கத்திற்குச் சென்றமையானே கடன் கழிந்ததென்று அமைதலும் ஆகாது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை ஒன்று கொட்டிமத்தளம் ஒன்று வாசிக்க இருவரையும் ஆக 50 பேரை நியமித்து நிபந்தம் அளித்தான் என்று கல்வெட்டுக் கூறும். அவன் பண்ணிற்கு இடமாகத் தேர்ந்தது திருக்கோயிலை. இன்று காலசந்தியிற் பாடும் ஓதுவார் எதிரே நின்று கேட்போர் எத்துணையர்? அனுமதிச்சீட்டிற்கு வைகறையிலே வரிசையில் நிற்போர், கட்டணமில்லாத அச்சந்நிதியில் ஒரு பதிகம் முடியும்வரை நிற்கலாகாதோ?

சென்னைக்கு உரியதோர் இசைவிழாப் பதிகம் உண்டு. திருமயிலையிற் பூம்பாவையை எழுப்பச் சம்பந்தப்பிள்ளையார் சீகாமரப் பண்ணில் அருளியது அது. திருவாதிரை உள்ளிட்ட விழாக்களை நிரலே கூறி, அவற்றைக் காணாது போதல் தகுமோ என்று அப்பதிகம் வினவுகின்றது. அவ்வினா இன்று மயிலையிலும் அதனைச் சூழ்ந்த நகரத்திலும் வாழும் சைவர் அனைவர்க்கும் உரியது. மார்கழியில் எவ்வரங்கிற் புகுவார்க்கும் உரைகல் ஒன்றே: இப்பதிகம் இப்பண்ணில் முற்றப் பாடப்படும் இடம் எது? அவ்விடமே சைவர் விழா நிகழும் இடம்.